இமைப்பொழுதின் கணக்கு

1796 ஆம் ஆண்டின் தொடக்கத்திலே, இங்கிலாந்து தேசத்துக் கிறீனிச் வானாய்வு நிலையத்தில் உதவியாளன் ஒருவன் வேலையினின்றும் நீக்கப்பட்டான். டேவிட் கின்னபுறூக் என்பது அவன் பெயர். அவன் பொருளைக் கையாடினானல்லன், குடித்துவிட்டு வந்தானல்லன், மேலோரை எதிர்த்துப் பேசினானுமல்லன். ஒரு செக்கனிற் பத்தில் எட்டுப் பங்கு பிந்தினான் என்பதே அவன்மீது சாட்டப்பட்ட குற்றம். அவனை நீக்கியவர் அக்காலத்து அரச வானியலாளராய் விளங்கிய நெவில் மஸ்கெலின் என்பவர்.

குற்றத்தின் தன்மையை விளங்கிக்கொள்ள அவர்கள் செய்த தொழிலைச் சிறிது அறிதல் வேண்டும். தொலைநோக்கியின் கண்ணாடிக்குள்ளே மெல்லிய கம்பிகள் நிறுத்தப்பட்டிருக்கும். விண்மீன் ஒன்று அக்கம்பியைக் கடக்கும் நேரத்தைச் செக்கனிற் பத்திலொரு கூறு வரை குறித்தல் வேண்டும். காண்போன் முதலில் மணிக்கூட்டைப் பார்த்துக்கொள்வான். பின் கண்ணைத் தொலைநோக்கியிலும் காதை மணிக்கூட்டின் ஒலியிலும் வைப்பான். ஓர் ஒலியின்போது மீன் கம்பிக்கு இப்புறம் எவ்வளவு தூரத்தில் நின்றது, அடுத்த ஒலியின்போது அப்புறம் எவ்வளவு தூரத்தில் நின்றது என்பவற்றை மனத்திலே பதித்து, இடையிலுள்ள கூற்றை மதித்துச் சொல்வான். தலைவரும் உதவியாளனும் முன்னர் ஒத்த அளவே கண்டனர். 1795 ஆவணி மாதமளவில் அரைச் செக்கன் வேறுபாடு தோன்றியது. எச்சரித்தும் பயனில்லை. அடுத்த தைமாதத்தில் அவ்வேறுபாடு 0.8 செக்கனாக வளர்ந்திருந்தது. கண்டு குறிக்கும் முறையை இவன் கெடுத்துக்கொண்டான் என்று எண்ணினார் மஸ்கெலின்; வேலை போயிற்று.

தலைவர் நேர்மையானவர். நடந்ததை நடந்தபடி நிலையத்தின் பதிவேட்டில் எழுதிவைத்தார். அதனாலேதான் அச்செய்தி இருபது ஆண்டுகளின் பின்னர் ஜேர்மனிய வானியலாளர் பெசல் என்பார் கண்ணிற் பட்டது. கொனிக்ஸ்பேர்க் நகரத்திலிருந்த அவர் அதனைப் படித்தபோது கேட்ட கேள்வி வேறு. உதவியாளன் பிந்தினான் என்பது சரி. தலைவர் முந்தினார் என்று ஏன் கொள்ளலாகாது? இருவருள் யாருடைய கண் சரியான கண்? இவ்வாறு ஐயுற்ற பெசல் தம் அளவுகளையும் பிற வானியலாளர் அளவுகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார். 1823 இல் ஆர்கெலாண்டர் என்பவருக்கும் அவருக்கும் இடையே ஒரு செக்கனுக்கும் மேற்பட்ட வேறுபாடு கண்டது. இருவரும் தேர்ந்த நிபுணர். இருவரும் கவனமாகவே பார்த்தவர். அன்றுதொட்டு வானியலாளர் ஒவ்வோர் ஆளுக்கும் உரிய திருத்தக் கணக்கொன்றை வைத்துக்கொள்ளத் தொடங்கினர். கின்னபுறூக்கை மீண்டும் அழைத்து வேலை கொடுக்க ஒருவருமிலர்.

புறத்தே ஒரு தூண்டல் நிகழ்தற்கும், அதற்கு விடையாக நம் உடலில் ஒரு துலங்கல் எழுதற்கும் இடைப்பட்ட காலத்தைத் துலங்கல் நேரம் என்பர். மின்னலைக் கண்டு கண்ணை மூடுதல், பெயரைக் கேட்டு எழுந்து நிற்றல், வீதியிற் குறுக்கிட்ட மாட்டைக் கண்டு வண்டியை நிறுத்துதல் ஆகிய யாவற்றுள்ளும் இவ்விடைவெளி உண்டு. உண்டு என்று நாம் உணர்வதில்லை. கண்டதும் செய்ததும் ஒன்றாகவே நிகழ்ந்தன என்றுதான் நமக்குத் தோன்றுகின்றது.

இவ்விடத்தில் தமிழ் படிப்பிப்போன் ஒருவனுக்கு இலக்கணம் நினைவுக்கு வருதல் இயல்பே. தொல்காப்பியரும் நன்னூலாரும் எழுத்தொலியின் காலத்தை மாத்திரை என்னும் அளவையால் அளந்தனர். மாத்திரையாவது யாது? இயல்பாக ஒருவர் கண்ணிமைக்கும் பொழுது, அல்லது கைந்நொடிக்கும் பொழுது. மணற்கடிகையோ நாழிகை வட்டிலோ அன்று. மனிதனுடைய உடம்பே அளவுகோல். கண்ணிமைப்பை இன்றைய கருவிகள் அளக்கும்போது செக்கனிற் பத்திலொன்று முதல் பத்தில் நான்கு வரை காட்டுகின்றன. வெளிச்சங் கண்டு விரலசைக்கும் துலங்கல் நேரமும், பின்னர்க் கூறப்போகின்றவாறு, அவ்வெல்லைக்குள்ளேயே அடங்குகின்றது.

இதனினும் வியப்புத் தருவது, இலக்கண உரைகளோடு வழங்கிவரும் பழைய சூத்திரம் ஒன்று. அது கைந்நொடியை நான்காகப் பகுக்கின்றது. நொடிக்க வேண்டும் என்று நினைத்தல் கால் மாத்திரை, விரலோடு விரலை ஊன்றும்போது அரை மாத்திரை, முறுக்கும்போது முக்கால், விடுக்கும்போது ஒன்று. பாருங்கள், விரல் அசைதற்கு முன்னரே கால் மாத்திரை செலவாகிவிட்டது. நினைப்பும் காலங் கொள்ளும் ஒரு செயல் என்று கொண்டு, அதனைச் செயலின் கணக்கிலே சேர்த்துவிட்டார் அச்சூத்திரஞ் செய்தவர். மாணாக்கர் இதனை நெட்டுருப் பண்ணிப் பரீட்சையில் எழுதிவிட்டுப் போகின்றனர்; அந்த முதற் கால் மாத்திரையிலே நின்று யோசிப்பார் அரியர்.

இதைக்கொண்டு நரம்பின் வேகத்தை நம் முன்னோர் அன்றே அளந்துவிட்டனர் என்று மேடையில் முழங்குதல் வேண்டா. அவர் அளக்கவில்லை; பகுத்தனர். பகுப்பு வேறு, அளவை வேறு. ஆயின் பகுப்பு இல்லாதவிடத்து அளவை பிறத்தற்கு வழியில்லை என்பதையும் மறக்கலாகாது.

அளந்து காட்டியவர் ஹெல்ம்ஹோல்ட்ஸ். பெசல் வாழ்ந்த அதே கொனிக்ஸ்பேர்க் நகரத்திலே, 1850 ஆம் ஆண்டில், தவளையின் காலிலிருந்து எடுத்த நரம்பும் தசையுமே அவருக்குக் கருவியாயின. தசைக்கு அண்மையில் நரம்பைத் தூண்டினால் தசை எப்போது சுருங்குகின்றது, தூரத்தில் தூண்டினால் எப்போது சுருங்குகின்றது என்று பார்த்து, இரண்டின் வேறுபாட்டைத் தூரத்தோடு ஒப்பிட்டார். செக்கனுக்கு ஏறக்குறைய 27 மீற்றர் என வந்தது. ஒலியோ காற்றிலே செக்கனுக்கு 340 மீற்றர் செல்லும். அவருடைய ஆசிரியராகிய யோகான்னஸ் முல்லர், நரம்பின் வேகத்தை அளத்தற்கு மனிதனுக்கு ஒருபோதும் வழி கிடையாது என்ற கருத்தினர். மின்னலைப்போல் விரைவது என்று எண்ணப்பட்டது குதிரையோட்டத்தினும் சிறிதே விரைவானதாய் வந்து நின்றது.

ஹெல்ம்ஹோல்ட்ஸின் தந்தையார் ஒரு பள்ளி ஆசிரியர். மகனுடைய முடிபைக் கேட்ட அவர், எண்ணமும் அதன் உடல் வெளிப்பாடும் ஒன்றன்பின் ஒன்றாய் வருவன அல்ல, ஒருங்கே நிகழும் ஒரே உயிர்ச்செயல் என்றே தாம் கருதிவந்ததாக எழுதினார். அம்முதிய ஆசிரியரை நகைக்க எனக்கு மனம் வரவில்லை. நம்முட் பலரும் இன்றுவரை அவர் கட்சியே.

அடுத்து வந்தவர் ஒல்லாந்து தேசத்து உற்றெக்ற் நகரப் பேராசிரியர் டொண்டர்ஸ். இவர் 1868 இல் வெளியிட்ட ஆராய்ச்சி தமிழாசிரியருக்கு மிக அண்மையானது. ஏனெனில் இவர் எடுத்துக்கொண்டவை உயிர்மெய்யெழுத்துக்கள். ஒருவர் 'கி' என்று ஒலிக்க, மற்றவர் உடனே 'கி' என்று திருப்பிச் சொல்லவேண்டும். இரு குரலும் புகையேற்றிய உருளையிலே கோடுகளாய்ப் பதியும், இடைவெளியை அளந்துகொள்ளலாம். முதலாவது வகையில், வரப்போவது 'கி' என்று இருவருக்கும் முன்னரே தெரியும். இரண்டாவது வகையில், க, கி, கு முதலியவற்றுள் எது வருமெனத் தெரியாது. வந்ததையே திருப்பிச் சொல்லவேண்டும். மூன்றாவது வகையில், எது வேண்டுமாயினும் வரலாம். ஆனால் 'கி' வந்தால் மட்டும் வாய் திறக்கவேண்டும். முதலாவதற்குக் குறைந்த நேரமும் இரண்டாவதற்கு மிகுந்த நேரமும் மூன்றாவதற்கு இடைப்பட்ட நேரமும் சென்றன. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் எழுத்தைப் பிரித்தறிதற்கு இவ்வளவு, விடையைத் தெரிதற்கு இவ்வளவு என்று மனத்தின் செயலுக்கே கணக்குச் சொல்லலாம் என்றார் டொண்டர்ஸ். வலக்காலிலோ இடக்காலிலோ எதில் உறுத்தும் என்று தெரியாதபோது, தெரிந்தபோதினும் செக்கனில் 15 இல் ஒரு பங்கு நேரம் மிகுவதை அவர் குழுவினர் முன்னரே கண்டிருந்தனர். கழித்துப் பார்க்கும் இம்முறையிற் குற்றங் கண்டோர் பின்னர் எழுந்தனர். அது நிற்க, நினைத்தலுக்குக் கால் மாத்திரை என்று பகுத்த நம்மவர் கையிலே அந்த உருளை கிடைத்திருந்தால் எவ்வளவு நன்றாயிருந்திருக்கும் என்று அதனைப் படிக்குந்தோறும் எனக்குத் தோன்றும்.

இனி, வாசகர் தம் துலங்கல் நேரத்தைத் தாமே அளக்கலாம். ஓர் அடிமட்டம் போதும். ஒருவர் அதனைச் செங்குத்தாகத் தொங்கப் பிடிக்க, மற்றவர் அதன் கீழ்நுனியில் பெருவிரலும் சுட்டுவிரலும் தொடாதபடி திறந்து வைத்திருக்கவேண்டும். முன்னறிவிப்பின்றி விடும்போது பற்றிக்கொள்ளவேண்டும். 10 சென்ரிமீற்றரிற் பிடித்தால் துலங்கல் நேரம் 0.14 செக்கன், 15 இல் 0.17; 20 இல் 0.20, 30 இல் 0.25. விழும் பொருளின் தூரம் நேரத்தின் வர்க்கத்தோடு வளர்வதே இக்கணக்கின் அடிப்படை. ஒரு முறை பிடித்துவிட்டு முடிவு சொல்லுதல் கூடாது. பத்து முறை பிடித்து நடுவெண்ணை எடுத்துக்கொள்ளவேண்டும். 10 சென்ரிமீற்றருக்கும் கீழே ஒருவர் பிடித்தாராயின் அவர் பார்த்துப் பிடிக்கவில்லை, ஊகித்துப் பிடித்தார் என்று கொள்க. வகுப்பில் இதனைச் செய்விக்கும்போது, விடுபவன் முகத்தைப் பார்த்தே பிடிக்கும் கள்ளர் இருவர் மூவர் எப்போதும் அகப்படுவர்.

கண்ணுக்குச் செக்கனில் ஐந்தில் ஒரு பங்களவு செல்லுமாயின், காதுக்கு அதனினும் குறைவு. ஒலி கேட்டுத் துலங்குதல் ஒளி கண்டு துலங்குதலினும் செக்கனில் நூற்றில் மூன்று நான்கு பங்கு முந்துகின்றது. ஒளியே உலகில் விரைவானது. ஆயினும் அது விழித்திரையிலே இரசாயன மாற்றஞ் செய்து நரம்புச் செய்தியாய் மாறுதற்கு நேரம் செல்கின்றது. செவியின் நுண்மயிர்களோ அதிர்ச்சியை உடனுக்குடன் செய்தியாக்கிவிடுகின்றன.

ஆனால் ஒன்றைக் கண்டு ஒன்றைச் செய்தல் வாழ்க்கையில் அரிது. பலவற்றுள் ஒன்று வரும். பலவற்றுள் ஒன்றைத் தெரிந்து செய்யவேண்டும். 1952 இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஹிக் என்பவர் பத்து விளக்குகளும் அவற்றுக்கேற்ற சாவிகளும் வைத்து இதனை ஆராய்ந்தார். 1953 இல் ஹைமன் என்ற அமெரிக்கர் அதனை வலியுறுத்தினார். அவர்கள் கண்ட விதி இது: தெரிவுகள் இரண்டிலிருந்து நான்காக, நான்கிலிருந்து எட்டாக, இவ்வாறு இரட்டிக்குந்தோறும் துலங்கல் நேரம் ஏறக்குறைய ஒரே அளவினால் ஏறுகின்றது. பழக்கம் மிகுந்தால் அந்த ஏற்றம் தணிகின்றது.

இவ்விதியைப் படித்தபோதுதான் ஆசுகவியைப்பற்றி எனக்கு நெடுநாளாய் இருந்த ஐயம் ஒன்று தெளிந்தது. கொடுத்த பொருளில், கொடுத்த அடியில், கொடுத்த யாப்பில், கேட்ட மாத்திரத்தே பாடுவோன் ஆசுகவி. காளமேகம் இதற்குப் பேர்போனவர். கட்டுப்பாடு மிகுந்தால் கடினமும் மிகும், கடினம் மிகுந்தால் நேரமும் மிகும் என்று நினைப்பதே இயல்பு. பயிற்சியில்லாதவருக்கு அதுவே உண்மை. வல்லவருக்கோ எதுகை ஒரு கதவைச் சாத்துகின்றது. மோனை இன்னொரு கதவைச் சாத்துகின்றது. தளை வேறு பலவற்றைச் சாத்துகின்றது. ஆயிரஞ் சொற்கள் நின்ற இடத்தில் எட்டுச் சொற்களே எஞ்சுகின்றன. எட்டினுள் ஒன்றை எடுத்தற்கு எவ்வளவு நேரம் வேண்டும்? யாப்பு தடையன்று, தெரிவைச் சுருக்கும் கருவி என்று எனக்குப் படுகின்றது. யாப்பே வேண்டா என்று எழுதும் இளங்கவிஞர், ஒரு வரிக்கு ஒரு கிழமை எடுத்துக்கொள்வதற்கும் இது காரணமாகலாம். அவர்கள் கோபிக்கமாட்டார்கள் என நம்புகின்றேன்.

அவதானம் இதனின் வேறு. சதாவதானி எனப் புகழ்பெற்று 1907 இல் மறைந்த புலோலி நா. கதிரைவேற்பிள்ளையவர்களை ஈழத்தார் அறிவர். அவதானியின் முதுகில் எறியப்படும் நெல்லை எண்ணவேண்டும், மணியோசையை எண்ணவேண்டும், இடையிடையே வினாக்களுக்கும் விடை கூறவேண்டும். இவையெல்லாம் ஒரே கணத்தில் நிகழ்கின்றன என்பது காண்போர் மயக்கம். இரண்டு தூண்டல்கள் அடுத்தடுத்து விரைந்து வந்தால், முதலாவதற்குரிய விடையைத் தெரிந்து முடியும்வரை இரண்டாவது காத்து நிற்கின்றது என்று வெல்ஃபோர்ட் என்னும் ஆராய்ச்சியாளர் 1952 இல் விளக்கினார். ஒருவர் மட்டுமே செல்லக்கூடிய பாலத்தில் இருவர் வந்தாற்போல. அவதானியார் அப்பாலத்தை அகலமாக்கினாரல்லர்; வந்தவற்றை வரிசையில் நிறுத்தி, ஒன்றையும் மறவாது முறைமுறையாக அனுப்பினார். அவருடைய பெருமை வேகத்தினும் நினைவாற்றலிலே நிற்கின்றது.

விளையாட்டு மைதானத்துக்கு வருவோம். எங்கள் பகுதியில் இல்ல விளையாட்டுப் போட்டி என்றால் தமிழாசிரியருக்கும் ஒரு வேலை அகப்படும். பெரும்பாலும் நேரக் கணிப்பு. ஒருமுறை உடற்பயிற்சி ஆசிரியராகிய இளைஞர் ஒருவர் என் கையில் நிறுத்தற் கடிகாரத்தைத் தந்தபோது, "துவக்குச் சத்தத்தைக் கேட்டு அமத்தாதேங்கோ ஐயா, புகையைப் பாத்து அமத்துங்கோ" என்றார். "ஏன் தம்பி, காதுதானே கண்ணிலும் விரைவு?" என்றேன். அவர் சிரித்துக்கொண்டு, "காது விரைவுதான். சத்தம் நூறு மீற்றர் ஓடி வரவேணுமே!" என்றார். சரியான விடை. நூறு மீற்றர் தூரத்தில் முடிவிடத்தில் நிற்பவருக்கு ஒலி வந்து சேர 0.29 செக்கன் செல்லும். அதைக் கேட்டு அமத்துபவர் ஓட்டக்காரனுக்கு 0.29 செக்கனை இலவசமாய்க் கொடுத்தவராவர்.

புகையைப் பார்த்தாலும் முழுதும் தப்பமுடியாது. தொடக்கத்திலே புகை எப்போது எழும் என்று தெரியாது. ஆகவே நம் விரல் ஐந்தில் ஒரு பங்குச் செக்கன் பிந்தி அமத்துகின்றது. முடிவிலோ ஓட்டக்காரன் வருவதைப் பார்த்துக்கொண்டே நிற்கின்றோம்; கோட்டைத் தொடும் கணத்தை ஊகித்து அதே கணத்தில் அமத்துகின்றோம். தொடக்கத்திற் பிந்தி, முடிவிற் பிந்தாமல் அமத்துவதாற் கணக்குக் குறைவாய் வருகின்றது. கைக்கடிகார நேரத்தை மின்கருவி நேரத்தோடு ஒப்பிடும்போது 100 மீற்றருக்கு 0.24 செக்கன் கூட்டிக்கொள்ளும் வழக்கம் இதனால் வந்தது. பழைய பாடசாலைச் சாதனைகளை இன்றைய சாதனைகளோடு வைத்துப் பேசுவோர் இதை நினைவில் வைத்தல் நன்று.

உலகப் போட்டிகளில் ஓட்டக்காரருடைய துலங்கல் நேரத்தையே கருவி அளக்கின்றது. துவக்கொலியின் பின் 0.100 செக்கனுக்குள் ஒருவர் புறப்பட்டால், அவர் கேட்டுப் புறப்படவில்லை, ஊகித்துப் புறப்பட்டார் என்று விதி கொள்கின்றது. 2022 இல் அமெரிக்காவிலே யூஜீன் நகரில் நடந்த உலகப் போட்டியின் 110 மீற்றர் தடையோட்ட இறுதியில், டெவன் அலன் என்பார் 0.099 செக்கனிற் புறப்பட்டார் என்று நீக்கப்பட்டார். ஆயிரத்தில் ஒரு பங்கு! மனித உடம்பின் எல்லை அதற்கும் கீழே செல்லக்கூடும் என்று வாதிடுவோர் உளர். அவர்கள் வாதம் வென்றாலும் அவருக்கு அந்த ஓட்டம் திரும்பி வரப்போவதில்லை. கின்னபுறூக் பிந்தியதற்காக நீக்கப்பட்டான், இவர் முந்தியதற்காக. 2009 இல் பேர்லினில் 9.58 செக்கனில் ஓடி உலக சாதனை நிறுவிய உசேன் போல்ட்டின் துலங்கல் நேரமோ 0.146. நம் வகுப்புப் பையன்களும் நல்ல பயிற்சியோடு ஒலிக்குத் துலங்கினால் அதனை எட்டிப் பார்க்கலாம். அவருடைய சிறப்பு அதன் பின்னுள்ள ஒன்பது செக்கன்களில் இருந்தது.

துடுப்பாட்டத்திலும் இதே கதைதான். மணிக்கு 140 கிலோமீற்றர் வேகத்தில் வீசப்படும் பந்து துடுப்பாட்டக்காரரை அடைய ஏறக்குறைய அரைச் செக்கன். இவர்களுடைய துலங்கல் நேரம் நம்முடையதினும் மிகக் குறைவாயிருக்கும் என்றுதான் எவரும் நினைப்பர். 1987 இல் ஒக்ஸ்போர்ட்டைச் சேர்ந்த பீற்றர் மக்லியோட் என்பவர் தரைவிரிப்பின் கீழே மரச்சலாகைகளை வைத்து, நிலத்திற் பட்டபின் பந்து எப்புறம் திரும்பும் என்று எவருக்கும் தெரியாதபடி செய்தார். சர்வதேச ஆட்டக்காரர்களாலும் ஐந்தில் ஒரு பங்குச் செக்கனுக்குள் துடுப்பின் போக்கை மாற்ற இயலவில்லை. 2000 ஆம் ஆண்டில் லாண்ட் என்பவரோடு அவர் சேர்ந்து செய்த ஆராய்ச்சியில் வல்லவருடைய இரகசியம் வெளிப்பட்டது. பந்தை அவர்கள் இறுதிவரை விடாது பார்ப்பதில்லை. கையிலிருந்து புறப்படும்போது பார்க்கின்றனர்; உடனே கண்ணைப் பந்தினும் முன்னே பாயவிட்டு, அது நிலத்திற் படப்போகும் இடத்தில் வைத்துக் காத்திருக்கின்றனர். திறமை மிகுந்தவர் கண் முந்திப் பாய்கின்றது. பந்தை விடாமற் பார் என்று பயிற்றுநர் கத்துவதற்கு இது சற்று மாறானதே.

ஆகவே துலங்கல் நேரத்தைக் குறைக்கலாமா என்று கேட்பவருக்கு விடை இருவகைத்து. ஒரே தூண்டலுக்கு ஒரே துலங்கல் என்ற எளிய வகையிலே பயிற்சியால் வரும் இலாபம் சிறிது. நரம்பின் வேகம் நம் விருப்பத்துக்கு உட்பட்டதன்று. இருபது வயதுகளில் உச்சத்தை அடைந்து பின்னர் ஆண்டுதோறும் மெல்லத் தளர்வது அது. என் வயதிலுள்ளோர் அடிமட்டத்தைப் பிடித்துப் பார்த்தே அறியலாம். தெரிவு வகையிலே, எது வரக்கூடும் என்று முன்னுணர்வதிலே, பயிற்சிக்கு எல்லையில்லை.

கெடுப்பதற்கோ வழிகள் பல. மது கெடுக்கும், கைத்தொலைபேசி கெடுக்கும், அனைத்தினும் நுட்பமாகத் தூக்கக்குறைவு கெடுக்கும். 2003 இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்றில், இரவுக்கு ஆறு மணி நேரமோ அதனினும் குறைவாகவோ உறங்கியவர்கள் இரண்டு வாரத்தில், இரண்டு இரவு வரை முழுதும் விழித்தவர் நிலைக்குத் தாழ்ந்தனர். ஆயின் தமக்குப் பெரிதாக உறக்கம் வருவதாக அவர்கள் சொல்லவில்லை. பரீட்சைக்காலத்திற் பிள்ளைகளை நள்ளிரவு வரை இருத்திப் படிப்பிக்கும் பெற்றோருக்கும், விடியப்புறத்தில் நெடுந்தூரம் வண்டி ஓட்டுவோருக்கும் இச்செய்தி உரியது. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வண்டி செக்கனுக்கு 16 மீற்றருக்கு மேற் செல்கின்றது. எதிர்பாராமல் ஒன்றைக் கண்டு, இன்னதென உணர்ந்து, காலைத் தூக்கித் தடையை மிதிக்க ஒன்றரைச் செக்கன் சென்றால், 25 மீற்றர் தூரம் வண்டி ஒரு தடையுமின்றி ஓடிவிடுகின்றது. தடை பிடிப்பது அதற்கப்பாலே.

இனி வகுப்பறை. விரைவாக விடை சொல்பவன் கெட்டிக்காரன், தாமதிப்பவன் மந்தன் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? பாடசாலைகளில் அது பழைய வழக்கம். விஞ்ஞானமும் ஒருகால் அதற்குத் துணைநின்றது. 1884 இல் இலண்டன் பொருட்காட்சியிலே கால்ற்றன் என்பவர் கட்டணம் பெற்று மக்களுடைய புலன்களையும் துலங்கல் நேரத்தையும் அளந்தார். அறிவின் அளவு அவற்றில் வெளிப்படும் என்பது அவர் நம்பிக்கை. அவர் வழியைப் பின்பற்றிய அமெரிக்கப் பேராசிரியர் கற்றெல், கொலம்பியாப் பல்கலைக்கழக மாணாக்கரை அளந்தார். 1901 இல் அவருடைய மாணாக்கராகிய விஸ்லர் அவ்வளவுகளை மாணாக்கரின் பாடப் புள்ளிகளோடு ஒப்பிட்டபோது துலங்கல் நேரத்துக்கும் புள்ளிக்கும் தொடர்பு ஏறக்குறையச் சூனியமாய் வந்தது. ஆசிரியரின் கொள்கையை மாணாக்கரின் கணக்கே சாய்த்துவிட்டது. பிற்காலத்துப் பெரிய ஆராய்ச்சிகள் துலங்கல் நேரத்துக்கும் அறிவுத்தேர்வுக்கும் மிதமான தொடர்பு உண்டென்று காட்டியுள்ளன என்பதையும் மறைத்தல் நேர்மையன்று. ஆனால் அவை அளந்தது விளக்குக்கு விரலசைக்கும் நேரம். ஆகுபெயருக்கும் அன்மொழித்தொகைக்கும் வேற்றுமை யாது என்று கேட்டால் ஒரு பிள்ளை எடுத்துக்கொள்ளும் நேரம் அதுவன்று.

அந்நேரத்தைப்பற்றி ஆராய்ந்தவர் மேரி பட் றோ என்னும் அமெரிக்க அம்மையார். விஞ்ஞான வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து, 1974 இல் தம் முடிபுகளை வெளியிட்டார். ஆசிரியர் ஒரு வினாவைக் கேட்டபின் விடைக்காகச் சராசரியாய் ஒரு செக்கனளவே காத்திருந்தனர். அதற்குள் விடை வாராவிடின் வினாவைத் திருப்பிக் கேட்டனர், அல்லது வேறொருவரைக் கேட்டனர், அல்லது தாமே விடையைச் சொன்னார்கள். கெட்டிக்காரர் என்று தாம் கருதிய பிள்ளைகளுக்குச் சற்று மிகுதியாகவும், பின்தங்கியவர் என்று கருதியவர்களுக்குக் குறைவாகவும் காத்தனர் என்பது அதனினும் கவலைக்குரிய செய்தி. மிகுதியாக வேண்டியவருக்குக் குறைவாக! காக்கும் நேரத்தை மூன்று செக்கனாக்கியபோது பிள்ளைகளின் விடைகள் நீண்டன. தெரியாது என்ற விடை குறைந்தது. வாய் திறவாத பிள்ளைகளும் திறந்தனர்.

மூன்று செக்கன் என்றாற் சிறிது. வகுப்பின் முன் மௌனமாய் நிற்கும் ஆசிரியருக்கோ அது ஒரு யுகம். இளம் ஆசிரியர்களுக்கு நான் ஒரு வழி சொல்வதுண்டு. வினாவைக் கேட்டபின் அகரம் முதல் ஔகாரம் ஈறாகப் பன்னிரண்டு உயிரையும் மாத்திரை பிழையாது மனத்துள்ளே சொல்லுங்கள். குறில் ஐந்துக்கு ஐந்து, நெடில் ஏழுக்குப் பதினான்கு, ஆகப் பத்தொன்பது மாத்திரை. மாத்திரை ஒன்றைச் செக்கனில் ஐந்திலொரு பங்காகக் கொண்டால் நான்கு செக்கனுக்குச் சற்றுக் குறைவு. ஔகாரம் முடியுமுன் வாய் திறத்தல் ஆகாது.

அண்மையிற் கடமையேற்ற ஆசிரியை ஒருவர் இதனைக் கேட்டுச் சென்று, ஒரு கிழமை கழித்து என்னிடம் வந்தார். "ஐயா, எனக்கு ஔகாரத்துக்குப் போகவே கிடைக்கேல்லை. ஏகாரம் சொல்லேக்குள்ளேயே கடைசி வாங்குப் பெடியன் கையைத் தூக்கிப்போட்டான்" என்றார்.

"விடை சரியோ, பிள்ளை?" என்று கேட்டேன்.

"பிழைதான் ஐயா. ஆனால், தை மாதத்திலை இருந்து அவன்ரை குரலை நான் கேட்டது அண்டைக்குத்தான்" என்றார்.